இன்று சந்தித்தவர்கள்

ஜூலை 9, 2020. வியாழன்

அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் வெளியே வரக் கூடாது; யார் யாரைச் சந்தித்தோம் என்று தினமும் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும் என்று தொலைக்காட்சியில் ஒரு டாக்டர் சொன்னார். நோய் வந்தால் அது யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போயிருக்கும் என்று கண்டுபிடிக்க உதவுமாம். இந்தத் தெருவில் ஒருவரும் எழுத மாட்டார்கள். எனக்கு எழுபத்தெட்டு வயது. நான் எழுதுகிறேன். கான்வென்ட் போர்டிங்கில் சிஸ்டர்கள் பதினோரு வருடம் கற்றுத் தந்தது இதைத்தான்: சொன்ன வேலையைச் சொன்ன விதத்தில் செய்வது.

இன்று சந்தித்தவர்கள்: ஒருவர். முத்துக்கனி, மாநகராட்சியில் கொசு மருந்து ஊற்றும் வேலை பார்த்தவள். இப்போது வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். துப்பாக்கி போன்ற ஒன்றை என் நெற்றிக்கு நேரே பிடித்தாள்.

"தொண்ணூத்தேழு. நம்ம தெருவுலயே நீங்கதாம்மா கேட்டுக்குப் பின்னால மாஸ்க் போட்டு நிக்கீங்க."

மற்றவர்களும் நிற்க வேண்டும் என்றேன்.

ஜூலை 11. சனி

சந்தித்தவர்கள்: முத்துக்கனி. நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "பதினாலாம் நம்பர்ல ரெண்டு பேருன்னு போட்டிருக்கு. இன்னொருத்தர் எங்கம்மா?"

இதை எழுதி வைக்க வேண்டும். இந்த வீடு என் கணவர் எவரிஸ்ட் வாஸின் தகப்பனார் கட்டியது. முன்கட்டில் நான் இருக்கிறேன். பின்கட்டில் என் கணவரின் தங்கை அமலி இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள், போன் வைத்துக்கொள்ளாதவள், எழுபத்திரண்டு வயது. அவள் வாசல் பக்கத்து முடுக்குச் சந்தில் திறக்கிறது. இரண்டு கட்டுக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. தாழ்ப்பாள் என் பக்கம். பத்தொன்பது வருடமாகப் போட்டது போட்டபடி இருக்கிறது. நாங்கள் பேசுவதில்லை.

"பதினாலுல நான் ஒருத்திதான்," என்றேன். "அவ பதினாலு ஏ. வரி ரசீது வேற, ரேஷன் கார்டு வேற. அவ பேரை முடுக்கு லிஸ்ட்ல சேரு."

"முடுக்கு என் லிஸ்ட் இல்லம்மா, அதுக்கு வேற ஆளு. ஒரே வீடுதான, இருந்துட்டுப் போகட்டுமே."

"தப்பா இருக்கிறதை இருந்துட்டுப் போகட்டும்னு விடக் கூடாது. அடி."

கையாலேயே கோணலாக அடிக்கப் போனாள். ஸ்கேல் எடுத்துக் கொடுத்தேன். இரண்டை அடித்து ஒன்று என்று போட்டாள். முடுக்குக்காரரிடம் சொல்லி அந்தப் பட்டியலில் ஏற்றச் சொல்வதாகச் சொன்னாள்.

ஜூலை 12. ஞாயிறு

முழு ஊரடங்கு. டிவியில் பூசை. யாரையும் சந்திக்கவில்லை.

ஜூலை 14. செவ்வாய்

முடுக்கில் மொத்தம் மூன்று வீடு. முதல் வீட்டுத் தொம்மைக்குத் தொற்று என்று அவர் குடும்பம் முழுவதையும் வேனில் ஏற்றிப் போனார்கள். தொம்மையின் மனைவி முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஏறினாள். மொட்டை மாடிகளில் நின்று எல்லோரும் போனில் படம் எடுத்தார்கள். கல்யாண ஊர்வலத்தைக்கூட இத்தனை பேர் எடுத்திருக்க மாட்டார்கள்.

நடுவில் இருந்த மளிகைக் கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு நேற்றே ஊருக்குப் போய்விட்டார். மாலையில் முடுக்கின் வாயில் சவுக்குக் கம்பு நட்டுத் தகரம் அடித்துவிட்டார்கள். முடுக்கின் அந்த முனை அடைப்புதான். வேறு வழி கிடையாது.

ஜூலை 16. வியாழன்

சந்தித்தவர்கள்: முத்துக்கனி.

"முடுக்குல இப்ப ஆளே இல்லம்மா. லிஸ்ட்ல சைபர்னு போட்டாச்சு. காய்கறி, பால் குடுக்கிற தன்னார்வலருக்கும் ஒரு தெரு மிச்சம்."

அமலியின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தேன். பிறகு யோசித்தேன். சொன்னால், தொம்மை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தவள் என்று அவளையும் வேனில் ஏற்றுவார்கள். ஏதோ கல்லூரி விடுதியில் பத்துப் பேருக்கு ஒரு கக்கூஸாம். வாஸ் வீட்டுப் பெண், மாடிக்காரர்கள் படம் எடுக்க, வேன் ஏறுவதாவது. உள்ளே இருப்பதே அவளுக்குப் பாதுகாப்பு. அரசாங்கமும் அதைத்தானே சொல்கிறது.

சொல்லவில்லை.

ஜூலை 17. வெள்ளி

சாம்பாரும் சோறும் மிஞ்சிவிட்டன. தூக்குவாளியில் போட்டு, கொல்லைப்புறத்தில் இரண்டு கட்டையும் பிரிக்கும் இடுப்பளவு மதிலின் மேல் வைத்தேன். பூனை தின்றாலும் சரி, வீணாகக் கூடாது.

ஜூலை 18. சனி

தூக்குவாளி கழுவித் துடைத்து மதில் மேல் இருந்தது. உள்ளே ஒரு பிடி முருங்கைக்கீரை, ஆய்ந்தது. அவள் கீரை ஆய்ந்தால் ஒரு காம்பு இருக்காது. அதை நான் எப்போதும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். இன்றும் சோறு மிஞ்சியது.

ஜூலை 20. திங்கள்

அரை உழக்கு அரிசி கூடுதலாகப் போடும் பழக்கம் வந்துவிட்டது. அளவுப்படி கையில் இருக்கும்போதே கணக்குத் தப்புகிறது. வயது.

ஜூலை 22. புதன்

சந்தித்தவர்கள்: முத்துக்கனி. சூடு பார்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"பின்னால யாரோ இருமுத மாரி கேக்குதேம்மா?"

"ரேடியோ," என்றேன்.

"ரேடியோவுலயும் இருமுதாங்களா? நல்ல காலம் போங்க," என்று சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போனாள்.

பொய் என்று சொல்ல முடியாது. ரேடியோவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இஞ்சி, மிளகு, கருப்பட்டி போட்டுக் கஷாயம் வைத்து மதிலில் வைத்தேன். எனக்கும் தொண்டை கரகரப்பாக இருந்தது.

ஜூலை 24. வெள்ளி

வேலை ஒன்றும் இல்லாததால் இதை எழுதுகிறேன். 2001-இல் என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஒரு மாதம் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அவரிடம் யாரும் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தேன். 'கிறிஸ்துமஸுக்கு எழுந்துவிடுவீர்கள்' என்றே சொல்லி வந்தேன், அவரும் நம்பினார். ஒரு நாள் மதியம் நான் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து அமலி பங்குச் சாமியாரை அழைத்து வந்துவிட்டாள், சாகும் தறுவாயில் நெற்றியில் எண்ணெய் பூசும் கடைசிப் பூசுதல் கொடுக்க. திரும்பி வந்தபோது அவர் நெற்றியில் எண்ணெய் மினுங்கியது. எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரிந்துவிட்டது என்று. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் அதற்குப் பிறகு கஞ்சிகூடக் குடிக்கவில்லை. நாலாம் நாள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து, ஊரே கூடியிருந்தபோது சொன்னேன்: "என் புருஷனைப் பயமுறுத்திக் கொன்னவ இவ." அன்று மாலை தாழ்ப்பாளைப் போட்டேன்.

நான் சொன்னதில் தவறு இல்லை.

ஜூலை 26. ஞாயிறு

மாதா திருவிழாக் கொடியேற்றம், ஜனமே இல்லாமல். டிவியில் பார்த்தேன். கோவில் முற்றம் அவ்வளவு பெரியது என்று இதுவரை எனக்குத் தெரியாது. மாதா பாட்டுக்குப் பின்கட்டிலிருந்து அவளும் சேர்ந்து பாட ஆரம்பித்தாள். இரண்டாம் அடியில் இருமல் வந்தது. பாட்டு முடியும்வரை இருமல் முடியவில்லை.

ஜூலை 28. செவ்வாய்

தூக்குவாளியில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. கழுவாமல் வைத்திருந்தாள். அமலி கழுவாமல் வைக்க மாட்டாள்.

மத்தியானம் பின்சுவரில் தட்டுகிற சத்தம். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. எலியாக இருக்கும். ரேடியோவைச் சற்றுக் கூட்டி வைத்தேன்.

சந்தித்தவர்கள்: முத்துக்கனி. யாருக்காவது காய்ச்சல் உண்டா என்றாள். இந்தக் கதவு எண்ணில் யாருக்கும் இல்லை என்றேன்.

ஜூலை 29. புதன்

தூக்குவாளி வைத்த இடத்தில் வைத்தபடி. எறும்பு ஏறியிருந்தது.

என்னை, அண்ணன் பெண்டாட்டியை, ஒரு வார்த்தை 'மைனி' என்று கூப்பிடட்டும். தாழ்ப்பாளைத் திறக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஜூலை 30. வியாழன்

புதிதாகக் கஞ்சி வைத்தேன். எடுக்கவில்லை. இருமல் சத்தமும் இல்லை. நல்லதுதான், குறைந்திருக்கும்.

தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன். துரு. இரும்புச் சாமானைக் கவனிக்காமல் விடக் கூடாது.

ஜூலை 31. வெள்ளி

காலை ஆறு மணிக்குத் திறந்தேன். எண்ணெய் விட்டும் அசையவில்லை. சுத்தியலால் தட்டித்தான் நகர்ந்தது.

அமலி நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் இருந்த மேசையில் தலையணையை வைத்து அதன்மேல் கவிழ்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வரவில்லை என்பதால் நாலு நாளாக அப்படித்தான் தூங்குகிறாளாம். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மைனி. மாஸ்க் போடாம வந்துட்டீங்க."

மாஸ்க்கை மறந்துவிட்டேன். மார்ச் மாதத்திலிருந்து ஒரு நாளும் மறந்ததில்லை.

"ஏன் கூப்பிடலை?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"கூப்பிட்டேன் மைனி. தொண்டையில சத்தம் வரல. செவுத்தத் தட்டினேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ரேடியோ போட்டிருந்தீங்க."

அவள் கையைப் பிடித்தேன். சுட்டது. நகங்கள் நீலம் பாரித்திருந்தன. தண்ணீர் கொடுத்தேன், இரண்டு மிடறு குடித்தாள். முன்கட்டுக்கு ஓடிப்போய் 108-க்குப் போன் செய்தேன். பிறகு முத்துக்கனிக்கு. கால் மணி நேரத்தில் அவள்தான் முதலில் வந்தாள். விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டிப் பார்த்தாள். எழுபத்து நாலு. எவ்வளவு இருக்க வேண்டும் என்றேன். தொண்ணூத்தஞ்சுக்கு மேல என்றாள்.

"அம்மா, இவுக எந்த லிஸ்ட்லயும் இல்லியேம்மா! முடுக்கு ஆளுகிட்டச் சொல்லத்தான் செஞ்சேன், அவன் ஏத்தாம விட்டுட்டான் போல. நானும் கேக்கல." அழுகிற மாதிரி இருந்தது அவள் குரல். "எத்தன நாளாம்மா இருமல்?"

"இருபத்திரண்டாம் தேதியிலிருந்து."

"அன்னிக்கு ரேடியோன்னு சொன்னீங்களேம்மா."

அமலியின் செருப்பைத் தேடி எடுத்து அவள் காலருகே போட்டேன்.

முடுக்கு அடைத்திருப்பதால் அமலியை என் கூடம் வழியாகத்தான் அழைத்துவர வேண்டியிருந்தது. ஒரு பக்கம் முத்துக்கனி, ஒரு பக்கம் நான். நாலு எட்டுக்கு ஒரு முறை நின்றாள். நிற்கும்போது சுற்றிப் பார்த்தாள்.

"அப்படியே வச்சிருக்கீங்க மைனி. அண்ணன் நாற்காலி மட்டும் எடம் மாறிட்டு."

"ஒழுகுது, அதான் தள்ளிப் போட்டேன்."

"ஓட்ட மாத்தச் சொல்லி அண்ணன் அப்பமே சொல்லுவான். நீங்க யாரு சொல்லிக் கேட்டீங்க?"

முத்துக்கனி, "பேசாம வாங்கம்மா, மூச்சு வாங்குது," என்றாள். "பத்தொன்பது வருசமாப் பேசாமத்தான இருந்தோம்," என்றாள் அமலி.

ஆம்புலன்ஸ் வர இன்னும் இருபது நிமிடம் ஆனது. வாசல் நாற்காலியில் உட்கார வைத்து விசிறினேன். என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது: "சாமியாருக்குச் சொல்லிவிடட்டுமா, அமலி?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அவ்வளவுக்கு ஆயிட்டா மைனி?"

"இல்ல, இல்ல. சும்மா கேட்டேன்."

"பூசுனாப் பொழைச்சு எந்திரிச்சவங்களும் உண்டு," என்றாள். பிறகு, "அண்ணனுக்கும் அப்படின்னு நெனச்சுத்தான் கூட்டிட்டு வந்தேன்."

சாமியார் ஆம்புலன்ஸுக்கு வர முடியாது, வார்டுக்கும் வர முடியாது. அது சட்டம். எனக்கே தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

மாடிகளில் ஆட்கள் நின்றார்கள். ஒருவன் போனை உயர்த்தினான். நான் படியில் இறங்கி நின்று, "கையைக் கீழே போடு," என்றேன். போட்டான். வண்டிக்குள் என்னை ஏற விடவில்லை. கதவு சாத்தும்போது அமலி ஏதோ சொன்னாள். மாஸ்க்குக்குள் கேட்கவில்லை.

சந்தித்தவர்கள்: அமலி. முத்துக்கனி. ஆம்புலன்ஸ்காரர் இருவர்.

ஆகஸ்ட் 1. சனி

பரிசோதனைக்கு என் மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். என் கேட்டில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதீர்' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பதினான்கு நாள் வெளியே வரக் கூடாது. ஒரு பை கொடுத்தார்கள்: அரிசி, பருப்பு, காய்கறி, துத்தநாக மாத்திரை, கபசுரக் குடிநீர்ப் பொடி. இலவசமாக எதையும் இதுவரை வாங்கியதில்லை. வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2. ஞாயிறு

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஒரு பெண் குரல். "அமலோற்பவ மேரி வாஸ் உங்க வீடுதானே? நல்லா இருக்காங்க. சாப்பிட்டாங்க. சொல்லச் சொன்னாங்க." வைத்துவிட்டாள்.

அமலியின் பின்கட்டைக் கூட்டி டெட்டால் போட்டுத் துடைத்தேன். தலையணை உறையைத் துவைத்துக் காயப் போட்டேன். அலமாரியில் என் கணவரின் பள்ளிக்கூடப் போட்டோ இருந்தது. என்னிடம் இல்லாத போட்டோ. கேட்டால் தருவாள். அவள் வந்தபின் மத்தியானச் சாப்பாடு முன்கட்டில் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு அடுப்பு எதற்கு?

தாழ்ப்பாளைப் போடவில்லை.

ஆகஸ்ட் 3. திங்கள்

எனக்கு நெகட்டிவ் என்று போனில் சொன்னார்கள். ஆஸ்பத்திரி உதவி எண்ணுக்கு ஒன்பது முறை போட்டேன். லைன் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 4. செவ்வாய்

சுகாதார ஆய்வாளர் போன் செய்தார். நேற்று மாலை ஐந்து நாற்பதுக்கு. மரியாதையாகத்தான் பேசினார். உடலை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. நாலு பேர் மட்டும், கவச உடையில். கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது, ஆழமாகத் தோண்டுகிறார்கள்.

"நீங்க உறவு என்ன முறைங்கம்மா?"

"என் வீட்டுக்காரரோட தங்கச்சி."

"வேற யாரும் இருக்காங்களா?"

"இல்லை. நான்தான்."

"நீங்க தனிமையில இருக்கீங்க. வர முடியாதும்மா."

"தெரியும்," என்றேன். தூரத்தில் நின்றுகூடப் பார்க்கக் கூடாதா என்று கேட்க நினைத்தேன். விதி விதிதான். கேட்கவில்லை. மூன்று மணிக்கு என்றார். மூன்று மணிக்குக் கூடத்தில் எழுந்து நின்றேன். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 5. புதன்

மாதா திருவிழா. டிவி போடவில்லை.

ஆகஸ்ட் 6. வியாழன்

ஞாயிற்றுக்கிழமை பேசிய அதே பெண். நர்ஸ். அமலியின் மூக்குக் கண்ணாடியும் ஒரு சேலையும் இருக்கின்றன, என்ன செய்ய என்று கேட்கக் கூப்பிட்டாள். அன்று நன்றாக இருக்கிறாள் என்று சொன்னாயே என்றேன்.

"மன்னிச்சிருங்கம்மா. அன்னிக்கே ரொம்ப முடியாமத்தான் இருந்துச்சு. 'போன் போட்டுக் காதுல வைக்கட்டுமா, வீட்ல பேசுதீங்களா'ன்னு ரெண்டு தடவ கேட்டேன். நம்பர கடகடன்னு சொன்னாங்க. அப்புறம் வேண்டாம்னுட்டாங்க. 'என் குரலக் கேட்டா மைனிக்குத் தெரிஞ்சிரும், பயந்துருவாங்க சிஸ்டர். பாக்கத்தான் ஆளு அதிகாரம். நல்லா இருக்கேன்னு மட்டும் நீங்க சொல்லிருங்க'ன்னாங்க. சாகப் போறவங்க சொல்லும்போது நான் என்னம்மா செய்ய?"

நீ செய்தது சரி என்றேன். சேலையை எரித்துவிடச் சொன்னேன். கண்ணாடியை வைத்திரு, ஆள் அனுப்புகிறேன் என்றேன். அனுப்ப ஆள் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் பயப்படவில்லை. அதையும் எழுத வேண்டும். முருங்கைக்கீரை பறித்து ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 7. வெள்ளி

யாரையும் சந்திக்கவில்லை.

ஆகஸ்ட் 8. சனி

கபசுரக் குடிநீர் இன்று கசக்கவில்லை. பொடியில் ஏதோ கலப்படம். டெட்டாலும் அப்படியே, பாட்டிலை மூக்கருகே வைத்தும் ஒன்றும் இல்லை. எதிலும் தரமில்லாமல் போய்விட்டது.

ஆகஸ்ட் 9. ஞாயிறு

முழு ஊரடங்கு. போர்வை போர்த்தியும் குளிர்கிறது. மழை ஏதும் இல்லை.

ஆகஸ்ட் 10. திங்கள்

முத்துக்கனி வந்தாள். இன்று நான் கேட்டருகே போகவில்லை. இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு கூடத்துக் கதவருகிலேயே நின்றேன். அங்கிருந்து கேட்டுக்குப் பதினைந்து அடி இருக்கும்.

"அங்க நின்னா சூடு எப்படிம்மா பாக்க? கிட்ட வாங்க."

"நேத்துதான் நானே பார்த்தேன். தொண்ணூற்றேழு. எழுது."

"விரலையாவது காட்டுங்கம்மா, ஒரு நிமிசம்."

"உனக்கு வீட்டில் பிள்ளை இருக்கா?"

"ரெண்டு. ஏம்மா?"

"ஒண்ணுமில்லை. எழுது."

அவள் நோட்டைத் திறந்தாள். இப்போது நோட்டில் கேள்விகள் கூடிவிட்டன, வரிசையாகப் படித்தாள்.

"இருமல்?"

"இல்லை."

"மூச்சு வாங்குதா?"

"இல்லை."

"மணம், ருசி எல்லாம் தெரியுதா? கபசுரம் குடிக்கீங்களாம்மா, எப்படி இருக்கு?"

"கசப்பு தாங்கலை," என்றேன்.

முத்துக்கனி சிரித்துக்கொண்டே, "கசந்தா நல்லதும்மா," என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.